குழந்தையின் கண்ணில் வெள்ளை ஒளி: காவல் இழந்த ஓர் உயிரணுவின் கதை

காதணி விழாவில் எடுத்த ஒளிப்படத்தைக் கைப்பேசியில் காட்டியபடி ஓர் இளம் தாய் எங்கள் முன் அமர்ந்திருந்தார். மடியில் ஒன்றேகால் வயதுப் பெண் குழந்தை. படத்தில் குழந்தையின் வலக்கண் பாவை சிவப்பாகவும், இடக்கண் பாவை வெள்ளையாகவும் தெரிந்தன. “நாலு மாசமாவே இப்படித்தான் தெரியுது டாக்டர். ‘கண்ணுல பூ விழுந்திருக்கு, தாய்ப்பால் விட்டாச் சரியாயிரும்’னு எங்க அத்தை சொன்னாங்க” என்றார். இது விழித்திரையில் தோன்றும் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று நாங்கள் சொன்னபோது, அவர் முதலில் சிகிச்சையைப் பற்றிக் கேட்கவில்லை. “எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்லையே. நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்றுதான் கேட்டார்.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களிலிருந்து வரும் பெற்றோரிடம் இக்கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறோம். கிரகணத்தன்று வெளியே சென்றதாலா? கர்ப்பமாக இருந்தபோது தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போனதாலா? சொந்தத்தில் மணம் முடித்ததாலா? இவற்றுக்கெல்லாம் விடை, நம் ஒவ்வோர் உயிரணுவிலும் காவல் காக்கும் ஒரு புரதத்தின் கதையில் இருக்கிறது. அக்கதையைத் தெரிந்துகொண்டால், பெற்றோரின் குற்ற உணர்வு குறைவதோடு, குடும்பத்தில் வேறு யாரைப் பரிசோதிக்க வேண்டும், யாருக்குத் தேவையில்லை என்பதும் தெளிவாகும்.

பூ விழுந்ததும் வெள்ளை ஒளியும் ஒன்றல்ல

நம் பகுதியில் ‘பூ விழுதல்’ என்று சொல்வது பெரும்பாலும் கருவிழியின் மேற்பரப்பில் ஏற்படும் வெண்தழும்பைக் குறிக்கும். அது பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தாலே தெரியும். விழித்திரைப் புற்றுநோயில் தோன்றும் வெள்ளை கண்ணின் உட்புறத்திலிருந்து வருவது. மங்கிய அறையில் ஒரு கோணத்திலிருந்து பார்க்கும்போதோ, பளிச்சிடும் விளக்கோடு படம் எடுக்கும்போதோ அது பூனையின் கண்போல மின்னும், மறுகணம் மறைந்துவிடும். கண்ணுக்குள் வளர்ந்த வெண்ணிறக் கட்டியில் ஒளி பட்டுத் திரும்புவதே இதற்குக் காரணம். சில குழந்தைகளுக்கு மாறுகண் மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கும்.

கண்ணுக்குள் வெள்ளை தெரிவதெல்லாம் புற்றுநோய் அன்று. பிறவிக் கண்புரையும் வேறு சில விழித்திரைக் கோளாறுகளும் இவ்வாறு தோன்றலாம். ஆனால் அவற்றை வேறுபடுத்திச் சொல்லும் பொறுப்பு கண் மருத்துவருடையது. தாய்ப்பாலோ, இலைச்சாறோ, கடையில் வாங்கிய சொட்டு மருந்தோ கண்ணுக்குள் இருக்கும் கட்டியைச் சென்றடையாது.

‘ரெட்டினோபிளாஸ்டோமா’ எனப்படும் இப்புற்றுநோய், பிறக்கும் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 1,500 குழந்தைகள் இதனால் பாதிக்கப்படுவதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்னரே இது வெளிப்பட்டுவிடும்.

குலுக்கைக்கு ஒரு காவல்

மானாவாரிக் கரிசலில் விதைப்பு எவ்வளவு பொறுமை கேட்கும் தொழில் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். ஆவணியில் ஒரு தூறல் விழுந்தவுடன் யாரும் குலுக்கையைத் திறந்து விதையை வாரி இறைத்துவிடுவதில்லை. மண் பதம் வந்துவிட்டது என்ற உறுதி கிடைக்கும்வரை, வீட்டுப் பெரியவர் ஒருவர் விதைக்குக் காவலாக இருப்பார். அவர் சரியென்று சொன்ன பிறகுதான் விதை வெளியே வரும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் இத்தகைய ஒரு காவல் உண்டு. உயிரணுவின் உட்கருவில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொரு மரபணுவும் ஒரு புரதத்தை உருவாக்குவதற்கான குறிப்பு. அக்குறிப்பு முதலில் படியெடுக்கப்பட வேண்டும். அந்தப் படியைக் கொண்டே புரதம் செய்யப்படும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், பிரிவதற்குத் தேவையான புரதங்களின் குறிப்புகளெல்லாம் படியெடுக்கப்பட்டாக வேண்டும். இப்படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் புரதத்தின் பெயர் ‘இ2எஃப்’. குலுக்கையிலிருந்து விதையை அள்ளும் கை என்று இதனைக் கொள்ளலாம்.

அக்கையைப் பிடித்து நிறுத்தும் பெரியவர்தான் ‘ஆர்பி’ புரதம். இந்தக் கண்புற்றுநோயின் பெயரிலிருந்தே இதற்கு இப்பெயர் வந்தது. 928 அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட இப்புரதம் இரண்டு வழிகளில் படியெடுத்தலை அடக்குகிறது. முதலாவதாக, இ2எஃப் புரதத்தின் செயல்படும் பகுதியின்மீது அமர்ந்து அதை மறைத்துவிடுகிறது. இரண்டாவதாக, வேறு சில நொதிகளைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. டி.என்.ஏ. இழை ‘ஹிஸ்டோன்’ என்னும் புரதங்களின்மேல் நூல்கண்டில் நூல் சுற்றியிருப்பதுபோல் சுற்றப்பட்டிருக்கிறது. ஆர்பி அழைத்துவரும் நொதிகள் அச்சுற்றை இறுக்கிவிடுகின்றன. இறுகிய நூலில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாது. ஆகவே படியெடுத்தல் நடைபெறாது. உயிரணு அமைதியாகத் தன் அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வளர்ச்சி தேவைப்படும்போது, பதம் வந்த செய்தியும் வந்து சேர வேண்டும். காயம் ஆற வேண்டும், குழந்தை வளர வேண்டும் என்றால், வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் பொருள்கள் உயிரணுவின் வெளிச்சுவரைத் தொடுகின்றன. அச்செய்தி ஒரு புரதத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி உள்ளே செல்கிறது. கடைசியாக ‘சிடிகே4’, ‘சிடிகே6’ என்னும் நொதிகள் ஆர்பி புரதத்தின்மேல் பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டுகின்றன. துணுக்குகள் ஏறியதும் ஆர்பியின் வடிவம் மாறி, பிடி தளர்கிறது. இ2எஃப் விடுபட்டுத் தன் வேலையைத் தொடங்க, உயிரணு பிரிகிறது. பிரிந்து முடிந்ததும் துணுக்குகள் அகற்றப்பட்டு, ஆர்பி மீண்டும் காவலுக்கு வந்து அமர்கிறது. ஆரோக்கியமான உடலில் இது ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பிரதிகளும் பழுதாகும்போது

ஆர்பி புரதத்துக்கான மரபணு நம் 13ஆம் குரோமோசோமில் உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வோர் உயிரணுவிலும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. வீட்டில் காவலுக்கு இரண்டு பெரியவர்கள் இருப்பதைப் போன்றது இது. ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் சமாளித்துவிடுவார். இருவரும் இல்லாதபோதுதான் குலுக்கை காவலின்றிக் கிடக்கும்.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணியாற்றிய ஆல்ஃபிரட் நட்சன் என்னும் மருத்துவர், இந்நோய் கண்ட 48 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தார். இரு கண்களிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் மிக இளம் வயதிலும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் தோன்றியிருந்தது. முன்னவர்களுக்கு ஒரு பழுது பிறக்கும்போதே எல்லா உயிரணுக்களிலும் இருந்திருக்க வேண்டும். மேலும் ஒன்று நேர்ந்தாலே போதும். பின்னவர்களுக்கோ இரண்டு பழுதுகளும் ஒரே உயிரணுவில், பிற்பாடு, ஒன்றன்பின் ஒன்றாக நேர்ந்திருக்க வேண்டும். மரபணுவை யாரும் கண்டறியாத காலத்திலேயே அவர் இவ்வாறு கணித்தார். 1986இல் அந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டபோது அவர் கணிப்பு சரியெனத் தெரிந்தது. கட்டியை அடக்கும் மரபணுக்களில் உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது இதுவே.

இந்நோய் ஏன் சிறு குழந்தைகளின் கண்ணில் வருகிறது என்ற கேள்வி எழலாம். கருவிலும் பிறந்த பின் சில காலமும் விழித்திரையின் இளம் உயிரணுக்கள் வேகமாகப் பிரிந்து வளர்கின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபணுக்கள் முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் சில இடங்களில் பிழை நேரும். அப்பிழை தற்செயலாக ஆர்பி மரபணுவில் விழுந்து, இரண்டு பிரதிகளும் பழுதானால், இ2எஃப் புரதத்தைத் தடுக்க அந்த உயிரணுவில் யாரும் இல்லை. அது பதம் வராமலேயே பிரியத் தொடங்குகிறது.

தாயின் கேள்விக்கு விடை இதுதான். கிரகணம் மரபணுவைத் தொடுவதில்லை. உண்ட உணவோ, பார்த்த வேலையோ இந்நோய்க்குக் காரணம் என நிறுவப்படவில்லை. சொந்தத்தில் மணம் முடித்ததும் காரணமன்று. சில நோய்கள் வருவதற்குத் தாய், தந்தை இருவரும் பழுதான பிரதியைத் தந்தாக வேண்டும். அத்தகைய நோய்கள் சொந்தத் திருமணங்களில் கூடுதலாகத் தோன்றும். விழித்திரைப் புற்றுநோய் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

‘பரம்பரை’ என்ற சொல்

மருத்துவர்களாகிய நாங்கள் ‘மரபணு’ என்று சொல்லும்போது, குடும்பத்தினர் காதில் ‘பரம்பரை’ என்று விழுகிறது. அடுத்த நிமிடமே ‘யார் வழியில் வந்தது?’ என்ற கேள்வி பிறக்கிறது. அக்கேள்வி பெரும்பாலும் மருமகளை நோக்கியே திரும்புவதையும் கண்டிருக்கிறோம். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

இந்நோய் கண்ட 100 குழந்தைகளில் ஏறத்தாழ 60 பேருக்குப் பழுது கண்ணின் கட்டியில் மட்டுமே இருக்கும். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அது செல்லாது. மீதமுள்ள 40 பேருக்கு ஒரு பழுது உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கும். அவர்கள் வளர்ந்து பிள்ளை பெறும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் இந்த 40 பேரிலும் பெரும்பாலோருக்கு அப்பழுது பெற்றோர் எவரிடமும் இருப்பதில்லை. கருவுருவாகும் நேரத்தில் புதிதாக நேர்ந்த பிழை அது. இனிமேல் இறங்கக்கூடியதே தவிர, முன்னோரிடமிருந்து இறங்கியதன்று.

இரு கண்களிலும் நோய் இருந்தால், பழுது உடல் முழுவதும் இருப்பது உறுதி. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் உறுதியாகச் சொல்ல இயலாது; அவர்களிலும் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு அது உடல் முழுவதும் இருக்கும். இதை அறிய இரத்தத்தில் செய்யப்படும் மரபணுப் பரிசோதனை உதவுகிறது.

இரத்தப் பரிசோதனை எதைத் தீர்மானிக்கிறது?

முதலாவது, நோயற்ற மறுகண்ணின் பாதுகாப்பு. பழுது உடல் முழுவதும் இருந்தால், மறுகண்ணிலும் கட்டி தோன்றக்கூடும். சில வாரங்களுக்கு ஒருமுறை, மயக்க மருந்து கொடுத்துக் கண்ணை முழுமையாகப் பார்த்துவந்தால், கட்டி மிகச் சிறிதாக இருக்கும்போதே லேசர் ஒளியாலோ உறைகுளிர் முறையாலோ அழித்துவிடலாம்.

இரண்டாவது, உடன்பிறந்தவர்கள். மூத்த குழந்தையின் பழுது எது என்று தெரிந்துவிட்டால், தம்பிக்கோ தங்கைக்கோ அது இருக்கிறதா என்று ஒரே இரத்தப் பரிசோதனையில் சொல்லிவிட முடியும். இல்லையென்றால், அக்குழந்தைக்கு அடிக்கடி மயக்க மருந்து தேவையில்லை; பெற்றோர் கூலியை இழந்து மாதாமாதம் பயணம் செய்யவும் தேவையில்லை. இருக்கிறதென்றால், பிறந்த நாளிலிருந்தே கண்காணிப்பைத் தொடங்கலாம். பரிசோதனை முடிவு தெரியும்வரை உடன்பிறந்த சிறு குழந்தைகள் அனைவரின் கண்களையும் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, கதிர்வீச்சு. உடலெங்கும் ஒரு காவல் ஏற்கனவே இல்லாத குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுத்தால், மீதமுள்ள காவலும் ஏதேனும் ஓர் உயிரணுவில் பழுதாகி, பின்னாளில் வேறு புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவேதான் இத்தகைய குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேனுக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம், கதிரியக்கச் சிகிச்சையை இயன்றவரை தவிர்க்கிறோம். இவர்கள் வளரும் பருவத்தில் காலிலோ கையிலோ ஓயாத எலும்பு வலி, வீக்கம் இருந்தால், அடிபட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காலமே உயிர்

2020இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வில் 153 நாடுகளைச் சேர்ந்த 4,351 குழந்தைகளின் விவரங்கள் சேர்க்கப்பட்டன. செல்வந்த நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட வயதின் நடு அளவு 14 மாதம். மிக ஏழை நாடுகளில் 30 மாதம். செல்வந்த நாடுகளில் கண்டறியும்போதே கட்டி கண்ணைத் தாண்டியிருந்தது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். மிக ஏழை நாடுகளிலோ ஏறத்தாழ பாதிப் பேருக்கு அவ்வாறு பரவியிருந்தது. கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரை உயிரை மிகப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கண் நரம்பின் வழியே வெளியேறிவிட்டால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

கட்டியின் அளவைப் பொறுத்து, நரம்பின் வழியே செலுத்தப்படும் மருந்துகள், லேசர், உறைகுளிர் முறை ஆகியவை பயன்படுகின்றன. கட்டி கண்ணை நிறைத்துவிட்டால், உயிரைக் காக்கக் கண்ணை அகற்ற நேரிடும்; பின்னர் செயற்கைக் கண் பொருத்தப்படும். இந்நோய் எனச் சந்தேகம் இருக்கும் கண்ணில் ஊசியால் குத்திச் சதைப் பரிசோதனை செய்வதில்லை. ஊசித்துளை வழியே கட்டி வெளியே பரவக்கூடும் என்பதே காரணம்.

இதற்காக நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ளது. 1976இல் 11 படுக்கைகளோடு அதனைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமமான அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இப்புற்றுநோய்க்கான சிகிச்சையும், மரபணு ஆய்வும் இன்று அங்கு நடைபெறுகின்றன. செல்லும்போது காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் வெள்ளை தெரிந்த ஒளிப்படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.

பெரியவர்களின் புற்றுநோய்களிலும் இதே காவல்

எங்கள் மருத்துவமனைக்கு வரும் பெரியவர்கள் பலரின் நோயிலும் ஆர்பி புரதத்துக்குப் பங்குண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் மரபணு நன்றாகவே இருக்கும். ஆனால் எச்.பி.வி. எனப்படும் வைரஸ் தயாரிக்கும் ‘இ7’ என்னும் புரதம், ஆர்பியைக் கைப்பற்றி அழித்துவிடுகிறது. அந்த வைரஸ் உடலில் நிலைபெறாமல் தடுப்பதற்கே 9 முதல் 14 வயதுவரையிலான பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது.

சிலவகை மார்பகப் புற்றுநோயில் ஆர்பி இருக்கும். ஆனால் சிடிகே நொதிகள் ஓயாமல் பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டி அதன் பிடியைத் தளர்த்திவிடும். அந்நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகளில் முதலாவதான பால்போசிக்ளிப் 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது ஆர்பியை மீண்டும் காவலில் அமர்த்துகிறது. இரத்த அணுக்கள் உருவாவதற்கும் இதே நொதிகள் தேவைப்படுவதால், இம்மாத்திரை உண்பவர்களுக்கு வெள்ளணுக்கள் குறையலாம். குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்வதும், காய்ச்சல் வந்தால் உடனே வரச்சொல்வதும் இதனால்தான்.

அந்தக் குழந்தை

காதணி விழாப் படத்தோடு வந்த குழந்தையின் இடக்கண்ணை அகற்ற வேண்டியிருந்தது. கட்டி அதற்குள் கண்ணை நிறைத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஆர்பி மரபணுவின் பழுது தெரிந்தது. பெற்றோர் இருவரின் இரத்தத்திலும் அது இல்லை. முடிவைக் கேட்க வந்த ஆச்சி, “அப்போ இது யாரு வழியில வந்துச்சு டாக்டர்?” என்றார். யார் வழியிலும் வரவில்லை, இந்தக் குழந்தையிடம் புதிதாகத் தொடங்கியது என்றோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகளின் கையிலிருந்து குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கண்காணிப்பின் எட்டாம் மாதத்தில் வலக்கண்ணில் கடுகளவுப் புள்ளி ஒன்று தெரிந்தது. லேசரால் அழிக்கப்பட்டது. பெற்றோரின் இரத்தத்தில் பழுது தெரியாவிட்டாலும், அரிதாக அது கருவணுக்களில் மட்டும் மறைந்திருக்கலாம் என்பதால், அடுத்துப் பிறந்த தம்பியின் தொப்புள்கொடி இரத்தத்தையும் பரிசோதித்தோம். அவனுக்கு அப்பழுது இல்லை. அக்காளுக்கு இப்போது வலக்கண்ணில் நல்ல பார்வை உள்ளது, அங்கன்வாடிக்குச் செல்கிறாள்.

உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், கண்ணுக்குள் வெள்ளை ஒளி மின்னுகிறதா, மாறுகண் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஐயம் இருந்தால் தடுப்பூசிக்குச் செல்லும் நாளில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அந்த நாள் தொலைவில் இருந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.